தேய்த்துத் தேய்த்தும் போகாத கருப்பு

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் ஹோட்டலில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டு அங்கே குப்பை கொட்ட முடியுமா? ஏழு மாடி, மாடிக்குப் பதினெட்டு அறை, அறைக்கொரு குளியலறை. சுத்தம் செய்யும் பெண்கள் வேலையை முடித்துவிட்டு வாசலில் நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கும் அக்கா உள்ளே போய்க் குனிந்து, குழாய்க்குப் பின்னால் ஆள்காட்டி விரலை விட்டு ஓர் இழு இழுப்பாள். விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

நான் அவளுக்கு மூன்று வயது இளையவள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்காவுக்குக் கண் எப்படியோ எனக்கு வாய் அப்படி. ஊர் உலகத்தில் யாரைப் பற்றியும் எதையும் சொல்லிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை, இரண்டு வருஷமாக. ஏனென்றால் இதில் தலைகுனிந்தது அக்கா மட்டும் இல்லை.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் குளியலறைகளைப் பளிங்காக வைத்திருந்தவள் வீட்டுக் குளியலறையில் பூஞ்சை. இதை விடக் கேவலம் அவளுக்கு வேறு இருக்க முடியாது. எங்கள் ஊரில் காற்றே ஈரம். காயப்போட்ட துணி மறுநாளும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். ஆனாலும் அதே கட்டடத்தில் மற்ற வீடுகளில் இவ்வளவு இல்லை. அக்கா வீட்டில் மட்டும் மேல் மூலையில் மிளகுத் தூளைத் தூவினதுபோலத் தொடங்கி, இரண்டு வாரத்தில் கூரை ஓரமாக ஓடி, கதவுக்குப் பின்னால் இறங்கிவிடும். ஓடுகளுக்கு நடுவிலுள்ள கோடெல்லாம் கண்ணுக்கு மை தீட்டினாற்போல் இருக்கும். தேய்ப்பாள், போய்விடும். பதினைந்தாம் நாள் வந்து நிற்கும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

கூப்பிட்ட விருந்தாளிகளைத்தான் அவள் வரவிடுவதில்லை. ஒருமுறை ஹோட்டலில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி வழியில் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். காலைக் கழுவ வேண்டும் என்றாள். அக்கா கூசாமல், "ஐயோ, தண்ணி வரலையே" என்று சொல்லி எதிர் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் கூடத்துக்கே கேட்டுக்கொண்டிருக்கிறது! நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அக்காவுக்கு மருமகள் வந்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

அவள் ஒல்லியான பெண். வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலை. குரல் என்றால் அப்படி ஒரு குரல். கார் வர அரை மணி தாமதமாகும் என்று அவள் சொன்னால் திட்டத் தொடங்கிய ஆளும், "சரிம்மா, மெதுவா வரட்டும்" என்பாராம். அந்தக் குரலுக்காகத்தான் கம்பெனியில் அவளை எடுத்தார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அக்கா மகனும் விழுந்தான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வீட்டுக்குள் மட்டும் அந்தக் குரல் அதிகம் கேட்காது. கேட்டதெல்லாம் அக்காவின் குரல்தான்.

"கால் மணி நேரம் குளிச்சா சுவர் பூக்காம என்ன செய்யும்?"

"சீக்கிரம் வந்துடறேன் அத்தை."

"ஈரத் துண்டை உள்ளே போட்டது யாரு?"

"நான் போடலை அத்தை."

"அப்ப சுவரே போட்டுக்கிச்சா?"

நியாயமாகப் பார்த்தால், அந்தப் பெண் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே பூஞ்சை வந்தாயிற்று. அது எனக்கும் தெரியும், அக்கா மகனுக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்கு, இத்தனை நாள் பெயரில்லாமல் இருந்த குற்றத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை தோறும் மருமகள் குளியலறை தேய்க்க வேண்டும் என்று ஆயிற்று. பிறகு புதனும் சேர்ந்தது. தேய்த்து முடித்ததும் அவள் வாசலில் நிற்பாள். அக்கா உள்ளே போய் விரலை விட்டு இழுப்பாள். வெளியே வந்து நீட்டுவாள். ஹோட்டலில் செய்வதை அப்படியே வீட்டில் செய்தாள். நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன்க்கா, அவ என்ன உன்கிட்ட சம்பளத்துக்கா இருக்கா?"

"நீ சும்மா இரு. எங்க ஹோட்டல்ல நூத்தி இருபத்தாறு பாத்ரூம். ஒண்ணுத்துக்காவது ஜன்னல் இருக்கா? ஒரு புள்ளி இருக்கா? தேய்க்கிற கை ஒழுங்கா தேய்ச்சா ஏன் வருது?"

அதுதான் அவள் கணக்கு. ஜன்னலே இல்லாத அறைகள் சுத்தமாக இருக்கின்றன. அங்கே நடப்பது தேய்ப்பு. ஆகவே தேய்ப்புதான் எல்லாம். இருபத்திரண்டு வருஷ அனுபவம் பேசும்போது தையல்காரி நான் என்ன சொல்ல? வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் தோலுரிந்து, தொலைபேசியில் எண்களை அழுத்தும்போது எரிகிறது என்றாள். என்னிடம் இருந்த களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு எனக்கு.

பிறகு அந்த வியாழக்கிழமை. அக்காவைப் புதுப் பெண்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் போடுவதாகப் பேச்சு. ஹோட்டல் மேலாளர் அம்மாள், சாயங்காலம் அந்தப் பக்கமாக வருகிறேன், வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். இவரிடம் தண்ணீர் வரவில்லை என்ற கதை எடுபடாது. அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மருமகளிடம் சொன்னாளாம்: "இன்னிக்கு நீ லீவு போட்டுடு. நான் வர்றதுக்குள்ள ஒரு புள்ளி இருக்கக் கூடாது. என் மானத்தை வாங்கிடாத."

அந்தப் பெண் லீவு போட்டாள். முதலில் பிளீச்சிங் நீரை ஊற்றித் தேய்த்தாள். மூலையில் இருந்த கருப்பு அசையவில்லை. நேரம் ஆக ஆகப் பயம். அதன் மேலேயே கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். வாடை கூடத்துக்கு வந்தால் மேலாளர் அம்மாளுக்கு அடிக்குமே என்று கதவையும் சாத்திக்கொண்டாள். இரண்டும் சேர்ந்தால் வருவது விஷப் புகை. அது போவதற்கு அந்த அறையில் ஒரு வழியும் இல்லை.

எதிர் வீட்டுக்காரிதான் கூடத்தில் அவள் தவழ்ந்து வந்து விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். கண் இரண்டும் கொவ்வைப் பழம். பேச வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அவள் புருஷன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

அக்கா வந்தாள். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டையும் யாராவது கலப்பாங்களா? இது கூடவா தெரியாது?"

டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்றார்.

"தெரியாம என்ன? இருபத்திரண்டு வருஷமா வேலைக்கு வர்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் முதல் நாளே சொல்லித் தர்றது இதைத்தான்."

"இவங்களுக்குச் சொல்லித் தந்தீங்களா?"

அக்கா யார் யாருக்கோ முதல் நாளே சொன்னதை, வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஒன்றரை வருஷத்தில் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டியிருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பையில் அக்காவின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் அம்மாள் வழி கேட்டிருப்பார்.

உயிருக்குப் பயமில்லை, குரல் எப்போது திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அக்கா வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்குப் பிடித்து, புருஷன் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மாவிடம் சண்டை போடவில்லை. தன் துணிகளை எடுக்க வந்தபோது, "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னான். கம்பெனியில் அவளைத் தொலைபேசியிலிருந்து எடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து வண்டி எண்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் குரல் வராவிட்டால் பார்க்கலாம் என்றார்களாம். 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா?

அக்கா அப்போதும் இறங்கிவரவில்லை. "அவசரக்குடுக்கை. நான் என்ன, கலக்கச் சொன்னேனா?" என்றாள். ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. பயிற்சிப் பொறுப்பு கிடைத்தது. அதை என்னிடம் சொல்ல மறந்தே போனாள்.

மூன்று வாரம் கழித்து ஹோட்டலில் ஒரு கூத்து. நாலாம் மாடியில் எல்லாக் குளியலறைகளிலும் கருப்புப் புள்ளி. பதினெட்டு அறையிலும்! அக்கா அந்த மாடிப் பெண்களைக் கிழிகிழியென்று கிழித்தாள். அவர்கள் இரண்டு தடவை தேய்த்தார்கள், மூன்று தடவை தேய்த்தார்கள், புள்ளிகள் திரும்பி வந்தன. கடைசியில் ஏசி மெக்கானிக் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூரையில் சல்லடை போட்ட சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். அக்காவின் பெண்கள் அதைத் தினமும் துடைப்பார்கள், எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதன் வழியாக ஈரக் காற்றை உறிஞ்சும் மோட்டார் ஒன்று மொட்டைமாடியில் ஓடுகிறது. அந்த மாடிக்கான மோட்டார் பத்து நாளாகக் கெட்டுக் கிடந்திருக்கிறது.

"மேடம், அந்தப் புள்ளைங்கள ஏன் திட்றீங்க? காத்து வெளிய போகலைன்னா நீங்க ஏழு ஆளு வெச்சுத் தேய்ச்சாலும் வரும். உங்க வீட்ல ஃபேன் இல்லையா, பாத்ரூம்ல?" என்று சிரித்தானாம்.

அக்கா பாதி வேலையில் கிளம்பி நேராக என் கடைக்கு வந்தாள். தைத்துக்கொண்டிருந்த என்னை, "எழுந்து வா" என்றாள். முகத்தைப் பார்த்ததும் கூடவே போனேன்.

குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். மேலே, சுவரோடு சுவராக ஒரு வெள்ளைப் பலகை. ஐந்து வருஷத்துக்கு முன் அவளே அடித்தது. கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் சந்துப் பக்கம் அங்கே ஓர் ஓட்டையும் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியும் இருந்தன. புறா கூடு கட்டி, எச்சமும் இறகும் உள்ளே விழுந்தன. சுத்தக்காரி பொறுப்பாளா? அளவெடுத்துப் பலகை வெட்டி, ஓரமெல்லாம் பசை பூசி, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டாள். அங்கே ஓர் ஓட்டை இருந்தது என்றே தெரியாது. அவ்வளவு நேர்த்தி. அப்போது என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினாள், நானும், "ஆசாரி தோத்தான் போ" என்று சொன்னேன்.

கத்தியால் பசையைக் கீறி, பலகையை இழுத்தாள். பின்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று மெத்தை மாதிரி. சந்திலிருந்து காற்று முகத்தில் அடித்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த அறையில் காற்று. அக்கா இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"நான்தான்டி" என்றாள். "நானேதான்."

அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் கருப்பாக இருந்தது. அவள் அதைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள். "கால்ல விழணும்னாலும் விழறேன். ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடட்டும். நீயும் வா. தனியா போனா எனக்குப் பேச்சு வராது."

மறுநாள் ஞாயிறு. வருகிறோம் என்று மகனுக்குச் சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்குப் போனோம். அறை சின்னது, ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் இரண்டு துணி. மருமகள் நாற்காலியைத் துடைத்து அத்தைக்குப் போட்டாள். பேசினாள், தகரத்தில் ஆணியைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கேட்கத் தாங்கவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை தண்ணீர் குடித்தாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. அது அவளிடம் உள்ள நல்ல குணம். "அந்தப் பலகையை நான் அடிச்சதாலதான் எல்லாம் வந்துச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உன்னைப் பேசினதெல்லாம் என் தப்பு. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது" என்றாள். பதினைந்து வயதுக்குப் பிறகு அக்கா யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பலகைதான்னு. வந்த மாசமே தட்டிப் பாத்தேன். உள்ள வெத்தா இருந்துச்சு. எங்க வீட்லயும் ஒருதடவை அப்படி ஆச்சு."

"தெரிஞ்சுமா ஒன்றரை வருஷம் தேய்ச்ச? ஏன்டி சொல்லல?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் நகத்தைப் பார்த்தான். "என்கிட்ட சொன்னா. அம்மா அடிச்சது, கை வெக்காதன்னு நான்தான் சொன்னேன்" என்றான். பிறகு அந்தப் பெண்ணின் கண் என் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

இத்தனை நேரம் நான் ஒளித்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். களிம்பு கொடுத்தேனே, அன்றைக்கே அவள் என்னிடம் சொன்னாள். "சின்னத்தை, அந்தப் பலகையை எடுத்துட்டா சரியாயிடும்னு தோணுது. நீங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு, "உனக்கெதுக்கும்மா வம்பு? பூதக்கண்ணாடிக்கே கண்ணாடி காட்டப் போறியா? ரெண்டு தேய் தேய்ச்சுட்டுப் போ" என்று சொல்லிச் சிரித்தேன். ஊர் வாயெல்லாம் எனக்கு. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் வாய் இல்லை. அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கும் பயம், அவ்வளவுதான் விஷயம்.

"என்கிட்டயும் சொன்னாக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று பேர் தனக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஒவ்வொருவரையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"முகம் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். கண் கலங்கியதை மறைக்கத்தான். மருமகள் ஓடிப்போய் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, வாசலிலேயே ஓரமாக நின்றாள். பழைய வீட்டில் நின்ற அதே நிலை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா உள்ளே போகவில்லை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். பழைய கட்டடத்துச் சின்னக் குளியலறை, ஓடுகள் விரிசல் விட்டவை. ஆனால் ஒவ்வொரு கோடும் வெள்ளை வெளேரென்று. குழாய் மினுங்கியது. தேய்க்கும் பிரஷ் ஜன்னல் விளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்கள் ஊறி, சுருங்கி, சிவந்திருந்தன.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்ச?"

"ஆறு மணிக்கு அத்தை." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "வெறும் சோப்புத் தண்ணிதான். வேற எதுவும் ஊத்தல."

அக்கா அந்தக் கையை விட்டாள். முகம் கழுவாமலே வந்து உட்கார்ந்தாள். டீ கொடுத்தார்கள், குடித்தோம். குரலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கம்பெனியில் மதியச் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். ஜன்னல் துணி நன்றாக இருக்கிறது என்றாள். எதற்காக வந்தோமோ அதை மட்டும் கேட்கவில்லை. நான் இரண்டு தடவை அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா கூப்பிடல? வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாளே."

"அதனாலதான்டி கூப்பிடல" என்றாள் அக்கா.